பாதியில் அணைத்த நாடகம்

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தருடைய தயவால் நான் சுகம். மாமாவின் முட்டுவலி தேவலையா? துறைமுக வேலைக்கு இன்னும் நம் நாசரேத்திலிருந்து பஸ்ஸில்தான் போகிறீர்களா?

நேற்று சாயங்காலம், நான் கவனித்துக்கொள்ளும் மார்கரெட் அம்மாவோடு டிவியில் இங்கிலீஷ் நாடகம் பார்த்தேன். வெளியூர் வேலையிலிருந்து திரும்பிய தாயைக் கண்டு மகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீ போடுவதாகச் சொல்லி எழுந்து எழுந்து போனேன். மார்கரெட் அம்மாவே டிவியை அணைத்துவிட்டு, "உன் மகளைக் கூப்பிடு" என்றார்கள். ஊரில் இப்போது அவள் தூங்கும் நேரம் என்றேன்.

இன்று கூப்பிட்டதும் ஜெஸ்மி, "வீட்டுப்பாடம் எழுதுதேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள். நேற்று நான் டீ போடப் போனதை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அவளைப் பேசச் சொல்லி அதட்டாதீர்கள், அத்தான். எழுதும்போது போனைப் பக்கத்தில் வைத்தால் போதும். நான் சத்தம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

பெர்சி