சாய்ந்து கிடந்த கடல்தரை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்து போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்களா? நேற்று போனில் நீ கத்தி, நான் பட்டென்று வைத்து, இந்த வயதிலும் நமக்கு அதே கதைதான். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இந்த ரயில் சுரங்கத்துக்கு நாங்கள் ஆதாரமாக வைத்திருப்பது பதினாறு வருடத்துக்கு முன் நீ போட்ட வரைபடம். பச்சைக் கல் பட்டை மலைக்குள் சுவர் மாதிரி நேராக இறங்குகிறது, அகலம் நாற்பது மீட்டர் என்று நீயே வரைந்திருக்கிறாய். அதைச் சில வாரங்களில் தாண்டிவிடலாம். இப்போது திடீரென்று உங்கள் நிலவியல் துறையிலிருந்து உன் கையெழுத்தோடு ஒரு குறிப்பு வருகிறது. பட்டை சாய்ந்து கிடக்கலாமாம், வேலையை நிறுத்திவிட்டு மலைமேலிருந்து இரண்டு துளை போட்டுப் பார்க்க வேண்டுமாம்.

அக்கா, மேலே பாதையே கிடையாது. இயந்திரத்தை ஏற்றி வைக்கவே மூன்று மாதம் ஆகும். திட்ட மேலாளர் நான். உருளப்போவது என் தலை. ஐம்பது கோடி வருடமாகச் சும்மா கிடக்கும் மலை, என்னைப் பழிவாங்கவா அசையப் போகிறது?

அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள். சொந்த அக்காவிடம் இதற்கு மேல் எப்படிக் கேட்பது?

அன்புடன்
தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

கண்கட்டைப் பிரித்துவிட்டார்கள். பேப்பரில் பெரிய எழுத்தையெல்லாம் அப்பா சத்தம் போட்டு வாசிக்கிறார். வீடு முழுக்கச் செய்திதான்.

மலை அசையாது. நீதான் அதற்குள் போகிறாய். என்ன மாதிரியான இடத்துக்குள் போகிறாய் என்று ஒரு தடவையாவது பொறுமையாகப் படி.

அங்கே மலை வருவதற்கு முன் கடல் இருந்தது. கடலுக்கு இந்தக் கரையில் ஒரு கண்டம், அந்தக் கரையில் ஒரு கண்டம். பூமியின் மேலோடு ஒரே ஓடு இல்லை. துண்டு துண்டான தட்டுகள், நகம் வளரும் வேகத்தில் நகர்பவை. கடல்தரைத் தட்டு கனமானது. அது கண்டத்துக்கு அடியில் நழுவிக் கீழே இறங்கிக்கொண்டே போனது. கடல் குறுகிக் குறுகி இல்லாமலே போனது. மிஞ்சியது இரண்டு கண்டங்கள். கண்டம் லேசானது, அப்படிச் சுலபமாகக் கீழே முழுகாது. அதனால் இரண்டும் மோதி, நசுங்கி, மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அப்படி எழுந்ததுதான் உன் மலைத்தொடர். அந்தக் காலத்தில் வானத்தை முட்டி நின்றிருக்கும். மழையும் ஆறும் அரித்துத் தின்றது போக, நீ இன்று பார்ப்பது அதன் அடிவேர்.

கடல்தரையின் சில துண்டுகள் மட்டும் கீழே போகாமல் அந்த நெரிசலில் சிக்கிக்கொண்டன. தண்ணீர் புகுந்து மாறிப்போன கல் அது. உன் பச்சைப் பட்டை அதுதான். இரண்டு கண்டங்களையும் சேர்த்த தையல் என்போம். கையில் எடுத்தால் சோப்பு மாதிரி வழுக்கும். மேலே அரை கிலோமீட்டர் மலையின் பாரம் இருக்கும்போது அதில் ஓட்டை போட்டால் பிதுங்கிக்கொண்டு வரும்.

அந்த வரைபடம் போட்டபோது எனக்கு வயது இருபத்தேழு. வெளியே தெரிந்த நாலு பாறையை வைத்து நேராகக் கோடு இழுத்துவிட்டேன். போன வருடம் ஓடைக்கரை சரிந்ததில் புதிதாக ஒரு முகப்பு தெரிந்தது. நானே இறங்கி அளந்தேன். தையல் நேராக இல்லை. கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது. ஒரு கண்டம் இன்னொன்றின்மேல் ஏறிப் படுத்த இடத்தில் அது அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். நீ நாற்பது மீட்டரில் வெளியே வர மாட்டாய். இருநூறு மீட்டருக்கு மேல் அதற்குள்ளேயேதான் போவாய்.

இரண்டே துளை. போட்டுப் பார்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

பாடம் நன்றாக இருந்தது. சின்ன வயதில் என்னை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தபோதும் இப்படித்தான், கடைசி வரியில் ஒரு குட்டு இருக்கும்.

வேலை நின்றால் என்னைத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அவனும் உன் பழைய வரைபடத்தைத்தான் வைத்துக்கொள்வான், உன் பேச்சை மட்டும் கேட்க மாட்டான். நான் இருந்தால் கவனமாகவாவது போவேன். சுரங்க முகத்தில் தினமும் முப்பது மீட்டருக்கு முன்துளை போட்டு, உள்ளே என்ன கல் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் குடைவோம். இது என் வாக்கு. எங்கள் துரப்பணக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இருபது வருட அனுபவம். பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

அப்பாவிடம் பேசினேன். "அவகிட்ட நான் சொல்றேன்டா, நீ கவலைப்படாதே" என்றார்.

'பழைய வரைபடத்தில் இப்போதைக்கு மாற்றம் தேவையில்லை' என்று ஒரே ஒரு வரி போதும்.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே பேசவில்லை. "கூடப் பிறந்தவனுக்கு ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு யோசனையா?" என்கிறார். நேற்று சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

நீ கேட்ட வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "போன மாசம் வேற மாதிரி எழுதியிருந்தீங்களே?" என்றார். "மறுபடி பார்த்தேன்" என்று பொய் சொன்னேன். இருபது வருடத்தில் நான் துறையில் சொன்ன முதல் பொய்.

முன்துளையை மட்டும் ஒரு நாள்கூட விடாதே. பச்சைக் கல்லைப் பார்த்தால் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிடு. அப்புறம் எனக்குச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நாலு கடிதம் போட்டும் நான் பதில் எழுதவில்லை என்று அப்பா சொன்னார். இங்கே மூச்சுவிட நேரமில்லை. முன்துளை போடுகிறார்களா, போடுகிறார்களா என்று அதையே கேட்டிருக்கிறாய். எல்லாம் நடக்கிறது. மாதத்துக்கு நூற்றைம்பது மீட்டர் போகிறோம். பெரியவர்கள் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பச்சைக் கல்லின் வாசனைகூட இல்லை. உன் கடல் வேறு எங்கேயோ வற்றியிருக்கிறது போல.

குழந்தை நடக்கிறாள். எதைப் பிடித்தாலும் இழுத்துக் கீழே தள்ளுகிறாள், அத்தை மாதிரியே.

அன்புடன்
தம்பி


அக்டோபர் 11

அக்கா,

டிவியில் பார்த்திருப்பாய். மூன்று பேர் போய்விட்டார்கள். மாஸ்டர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சுரங்கத்தின் கூரையும் பக்கச் சுவரும் ஒரே நேரத்தில் பிதுங்கி, முட்டுக்கொடுத்திருந்த இரும்பு வளையங்களைக் கம்பி மாதிரி முறுக்கிவிட்டன. மூன்று நாளாக நான் படுக்கவில்லை.

அடுத்த மாதம் விசாரணைக் குழு வருகிறது. உன்னையும் கூப்பிடுவார்கள். நான் சொல்வதைக் கவனமாகக் கேள். அன்றைக்கு இருந்த அறிவுக்கு அந்த வரைபடம் சரிதான், பட்டை சாய்ந்திருப்பது யாருக்கும் தெரியாது, இயற்கையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. இவ்வளவுதான் நீ சொல்ல வேண்டியது. உன் பிப்ரவரிக் குறிப்பு கோப்பில் இல்லை, அதை நான் பார்த்துக்கொண்டேன். உள்ளே போகும்வரை எங்களுக்கும் ஒன்றும் தெரியாது. முன்னறிவிப்பே இல்லை. சத்தியமாக.

நம் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. இது என்னைக் காப்பாற்ற மட்டுமில்லை. அந்த ஒரு வரியில் உன் கையெழுத்தும் இருக்கிறது, மறந்துவிடாதே.

தம்பி


நவம்பர் 16

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு கட்டில் போட்ட வார்டில் ஜன்னலோரக் கட்டில் மாஸ்டருடையது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நிலவியல் துறையிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். படுத்தபடியே கையை நீட்டி, எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"முன்துளை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு வாரம் போட்டோம்மா. வேகம் குறையுதுன்னு மெஷினை எடுத்துட்டாங்க."

"பச்சைக் கல்லு வந்துச்சா?"

"வந்துச்சே! அதுவரைக்கும் இரும்பு மாதிரி இருந்த பாறை, திடீர்னு பச்சையா, பளபளன்னு வந்துச்சு. தொட்டா வழுக்குது. விழுறதுக்கு நாலு நாள் முன்னாடி ஒரு துண்டை எடுத்துட்டுப் போய் சார் மேஜையில வச்சேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் டிராயர்ல போட்டு மூடிட்டாரு. 'நாற்பது மீட்டர்தான் மாஸ்டர், கண்ணை மூடிட்டுத் தாண்டிருங்க'ன்னாரு. நானும் பசங்களைக் கூட்டிட்டு உள்ள போனேன். ரொம்பப் படிச்சவங்க போட்ட மேப்பாமே அது? அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

அந்த மேப்பைப் போட்டவள் நான்தான் என்று சொன்னேன். அது தப்பு என்று தெரிந்த பிறகும் சரி என்று எழுதிக் கொடுத்தவளும் நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுந்து, ஸ்டூலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

சத்தியமாக என்று எழுதியிருந்தாய். நீ வேகத்துக்காக அவசரப்பட்டாய் என்றால்கூட உன்னை மன்னிக்க ஏதாவது வழி தேடியிருப்பேன். கல் உன் கையில் இருந்திருக்கிறது, தம்பி. பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். நான்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேனே! நாலு நாள் இருந்தது உனக்கு. எல்லோரையும் வெளியே கூட்டிவர ஒரு மணி நேரம் ஆகியிருக்காது.

நேற்று விசாரணைக் குழு முன் போனேன். பிப்ரவரிக் குறிப்பின் நகல் என்னிடம் இருந்தது, கொடுத்தேன். நீ எழுதிய கடிதங்களையும் கொடுத்தேன், நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மார்ச் கடிதத்தின் நகலோடு. ஒன்றையும் ஒளிக்கவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வழக்கும் வரும் என்கிறார்கள். வரட்டும். மூன்று வீட்டில் ஆள் திரும்பி வரவில்லை. எனக்கு இது அதிகமில்லை.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கண் தெளிந்த மனிதர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். உன்னிடம் வந்துவிடுவதாகச் சொல்கிறார். கூட்டிக்கொண்டு போ. நீ நேரில் வராதே, காரை மட்டும் அனுப்பு.

நேற்று என் வாக்குமூலத்தை எல்லாம் எழுதி முடித்த பிறகு, குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்தத் திட்ட மேலாளர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தம்பி வேணும்" என்றேன்.

"ஒன்றுவிட்ட தம்பியா?"

"கூடப் பிறந்த தம்பி" என்றேன். எழுதிக்கொண்டார்.

அக்கா