நீலப் பூப் போட்ட தட்டு

மார்ச் 6

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை வெட்ட முடியாது. அதனால் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

அப்பாவின் குட்டி பெட்ரோல் லாரி உன் பட்டறைக்குப் போகும்போது, ஸ்டீயரிங் பக்கத்தில் எரிகிற மஞ்சள் விளக்கு ஒன்றுதான் கோளாறு. சென்சார் மாற்றிவிட்டேன் என்று திருப்பி அனுப்பினாய். விளக்கு அணைந்தது. ஆனால் வண்டிக்குப் பின்னால் நின்றால் பச்சைப் பெட்ரோல் நெடி கண்ணைக் கரிக்கிறது. சத்தமும் தகர டப்பா மாதிரி. நேற்றுப் புகைச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். இந்த மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் பர்மிட் போய்விடும். பிறகு உன் தம்பி ஊரார் வீட்டுச் சாமான்களை எதில் ஏற்றுவான், தலையிலா?

சின்னவன் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அண்ணன் பாத்தா சரியாத்தான் இருக்கும். நான்தான் ஓட்டிக் கெடுத்திருப்பேன்" என்கிறான். அவன் அப்படி. நான் அப்படி இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் அந்தக் கன்வெர்ட்டருக்குச் சூடு மறைக்க, என் நீலப் பூப் போட்ட எனாமல் தட்டை என்னைக் கேட்காமல் வெட்டி வெல்டு வைத்தார் உன் அப்பா. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அதை நான் விடவில்லை. உன்னை விடுவேனா?

வந்து பார்.

அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் படித்துச் சிரிப்பு வந்தது, வருத்தமும் வந்தது. வேலை தலைக்கு மேல் இருக்கிறது, இப்போது வர முடியாது.

அன்றைக்குக் கையில் இருந்த பழைய ஆக்சிஜன் சென்சாரைத்தான் போட்டேன். அது களைத்திருக்கும். அது புகையை முகர்ந்து உள்ளதைச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும். தப்பாகச் சொன்னால் அள்ளி ஊற்றும். நெடி அதனால்தான். புதிது அனுப்பியிருக்கிறேன். இன்ஜின் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே தம்பியைக் கழற்றச் சொல். ஆறினால் மரை பிடித்துக்கொள்ளும்.

கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. கெட்டிருந்தால் மஞ்சள் விளக்கு எரியாதா? நீ வீணாகக் கவலைப்படாதே.

அன்புடன்,
பெரியவன்


மார்ச் 19

பெரியவனுக்கு,

சென்சார் வந்தது. சின்னவன் கையைச் சுட்டுக்கொண்டு மாற்றினான். மறுபடியும் தள்ளிவிட்டார்கள். தெருமுனை வெல்டரிடம் கொண்டுபோனோம்.

அவர் ஸ்கேனரை மாட்டினார். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சாராம். முன் சென்சாரின் கோடு திரையில் ஏறி இறங்கி ஆடியது. பின் சென்சாரின் கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. "ரெண்டும் ஒழுங்காத்தானே இருக்கு. அப்புறம் புகை ஏன் தேறல?" என்று வண்டிக்கு அடியில் போய், கன்வெர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டினார். காலிக் குடம் மாதிரி சத்தம். கழற்றி என் கையில் கொடுத்து, "கண்ணை வெச்சுப் பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். அந்தப் பக்கம் தெருவும் தெருவில் போன சைக்கிளும் தெரிந்தன. உள்ளே தேன்கூடு மாதிரி ஒன்று இருக்க வேண்டுமாம். ஒன்றும் இல்லை.

பின் சென்சாருக்கும் குழாய்க்கும் நடுவே கட்டைவிரல் நீளத்தில் ஓர் இரும்புக் குழல் துண்டு இருந்தது, புஷ் என்கிறார்கள். சென்சாரைப் புகைக்கு எட்டாமல் தள்ளி நிறுத்தி, எல்லாம் சுகம் என்று சொல்ல வைக்கிற வேலையாம். அதனால்தான் விளக்கு எரியவில்லை. "எவன் செஞ்சானோ, கைதேர்ந்தவன்" என்றார் வெல்டர். என் மூத்த மகன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. சின்னவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்னொன்று. அந்த டப்பாவின் மேல் என் தட்டு இல்லை. தட்டு எங்கே?

அம்மா


மார்ச் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபப்படாதே. தம்பி மனசு நோகுமே என்றுதான் மறைத்தேன். பிளக் ஒழுங்காக எரியாத வண்டியை அவன் விடாமல் ஓட்டியிருக்கிறான். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய்ப் பற்றி, தேன்கூடு உருகி அடைத்துவிட்டது. புதிது வாங்குவது நம் கைக்கு எட்டுகிற காரியமா? வண்டி ஓடட்டும் என்று ஒரு காலி டப்பாவை மாட்டினேன். பழையது தட்டோடு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. ஒரு தட்டுக்காகவா இத்தனை?

இனி அந்த லாரியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். என் மாமனாரின் லாரிக்கு டிரைவர் தேவைப்படுகிறது. அதுவும் அதே மாடல்தான், தம்பிக்குக் கை பழகியது. சொல்லி வைத்திருக்கிறேன்.

குட்டிப்பெண்ணின் பிறந்தநாளுக்கு அவசியம் வா. பாட்டி எங்கே என்று கேட்கிறாள்.

அன்புடன்,
பெரியவன்


ஏப்ரல் 3

பெரியவனுக்கு,

வந்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை, மருமகள் நன்றாகக் கவனித்தாள். சம்பந்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம லாரி ரெண்டு வருஷமா சோதனையில இழுத்தடிக்கும். இந்தத் தடவை பாருங்க, ஒரே தடவையில தேறிடுச்சு. எல்லாம் மாப்பிள்ளை கைராசி." நீ தலையைக் குனிந்துகொண்டாய். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

நாற்காலி பற்றாமல் என்னை வாசல் படியில் உட்கார வைத்தீர்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று. நாற்காலியில் இருந்திருந்தால் எதிரே நின்ற லாரியின் கதவு தெரிந்திருக்கும். படியில் இருந்ததால் வயிறு தெரிந்தது.

கரி பிடித்துக் கிடந்தாலும் கன்வெர்ட்டர் ஓரத்தில் என் தட்டின் ஒன்றரைப் பூ தெரிந்தது. அப்பா வெட்டும்போது பாதியாகிப் போன அதே பூ. இரும்புக் கடைக்குப் போகவில்லை, உருகவும் இல்லை. உன் தம்பியைக் குற்றவாளி ஆக்கிவிட்டு உன் மாமனாருக்குப் புகை சுத்தம் செய்கிறது.

குழந்தை கேக் ஊட்டினாள், தின்றேன்.

நம் பர்மிட் போய்விட்டது. இந்த மாதத்துக்குள் சோதனையில் தேறினால் திரும்பத் தருவார்களாம். அதைக் கழற்றிக்கொண்டு வந்து உன் தம்பி வண்டியில் மாட்டு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அம்மா


ஏப்ரல் 9

அம்மா,

நம் லாரி என் பட்டறைக்கு வந்த வாரமே மாமனார் வண்டி சோதனைக்குப் போக வேண்டியிருந்தது. என் பட்டறை அவருடைய இடத்தில் நிற்கிறது. அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு நான் எங்கே போவேன்? தம்பிக்கு அப்புறம் வேறு ஒன்று தேடிப் போடலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. இப்போது கழற்றினால் எதற்கென்று கேட்பார்கள்.

தம்பிக்குத் தெரிய வேண்டாம். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பெரியவன்


மே 2

மாதம் போய்விட்டது. நீ வரவில்லை. லாரியைப் பழைய இரும்புக்காரன் கட்டி இழுத்துக்கொண்டு போனான். சின்னவன் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து போய்விட்டுத் திரும்பினான்.

நேற்று உன் மாமனார் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். சாவியைக் காட்டி, "அண்ணன் கைவிடல, பாத்தியாம்மா?" என்றான். நான் "சாப்பிட வா" என்றேன்.

அவனிடம் சொல்லவில்லை. உனக்காக இல்லை. அப்பாவும் இல்லை, லாரியும் இல்லை, அண்ணன் ஒருவனாவது இருக்கிறான் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

ஆனால் அந்த வெல்டரிடம் அவன் நிறையக் கற்றுக்கொண்டுவிட்டான். எந்த வண்டியில் கோளாறு என்றாலும் அடியில் படுத்துப் பார்க்கிறான். உன் மாமனார் வண்டியின் பின் சென்சாரும் ஒருநாள் களைக்கும், விளக்கு எரியும். மாற்றுவதற்கு அவன்தான் படுப்பான். அப்பா அந்தத் தட்டை வெட்டியபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன். பூவை ஏன் பாதியாக்கினாய் என்று என்னிடம் அடி வாங்கியவனும் அவன். நீ பிடிக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. அதனால்தான் உனக்கு அது வெறும் தட்டு.

பூவைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்பான். தெரியும் என்பேன்.

குட்டிப்பெண்ணுக்குச் சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். கை கொஞ்சம் நீளம், வளர்ந்தால் சரியாக இருக்கும். நீ பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னவனின் அம்மா