லாரி போகாத தெரு

அன்புள்ள கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறோம், அப்பாவுக்கு ஒரு கீறலும் இல்லை, எனக்கு நெற்றியில் ஏழு தையல். நீ நலமா, குளிர் குறைந்ததா? வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நகராட்சியில் நான் இரண்டு வருடமாகப் போட்ட திட்டம் உனக்குத் தெரியும், கீழே கடை, மேலே வீடு, பள்ளிக்கூடம், மருந்துக்கடை, காய்கறி எல்லாம் பத்து நிமிஷ நடையில், நடுத் தெருவில் லாரி கிடையாது. போன வருடம் நம் தையல்காரரின் மனைவி பால் வாங்கப் போய் அந்தத் தெருவில்தான் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போனாள். ஆனால் லாரியை நிறுத்தினால் உன் மாமாவின் கிடங்குக்கு வாசலே இல்லாமல் போகும். உடன்பிறந்தவன்தானே, பேசிப் புரியவைக்கலாம் என்று நினைத்தேன், நான்கு முறை அவன் வீட்டுக்கு நடந்தேன், கடைசி முறை காபிகூடக் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம். எங்கள் வரைபடக்காரர், வரைந்ததைவிட அழித்ததே அதிகம் என்று நாங்கள் ரப்பர் என்று கூப்பிடுவோமே அவர்தான், அட்டையில் தெருவைக் குட்டியாகச் செய்து மேஜையில் வைத்திருந்தார், குழந்தைகள் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது நான்கு பேர் இரும்புக் கம்பியோடு உள்ளே வந்தார்கள். முதல் அடி அட்டைத் தெருவில், இரண்டாவது ஜன்னலில், பறந்து வந்த கண்ணாடிதான் என் நெற்றியைக் கிழித்தது. ஜனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு ஓடியது. அந்த வாசலில் உன் மாமா நின்றிருந்தான். அக்காவ மட்டும் விட்டுடுங்கடா, படம் போட்டவன் கைய ஒடைங்க என்று கத்தினான். என் காதால் கேட்டேன். ஒருத்தன் ரப்பரின் வலது கையை மேஜைமேல் அமுக்கிப் பிடிக்க இன்னொருத்தன் கம்பியை இறக்கினான். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் அவர் அலறினார்.

சுவரோரம் நிலம் அளக்கிற மரக்கழி சாத்தியிருந்தது. அதை எடுத்து உன் மாமாவின் தோளில் போட்டேன். அவன் விழுந்தான், மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது, ரெண்டு கையையும் தூக்கி வேண்டாங்கா என்றான். நான் மறுபடி அடித்தேன், முழங்காலில், கழி முறிகிற அளவுக்கு. ஆறு மாதம் நடக்க முடியாது என்கிறார் டாக்டர்.

போலீஸ் நான்கு பேரையும் பிடித்தது, மாமா ஆஸ்பத்திரியில் காவலோடு கிடக்கிறான். அவன்தான் ஏவினான் என்று நானே எழுதிக் கொடுத்தேன். கழியால் இரண்டு முறை அடித்ததை நான் சொன்னதும் இன்ஸ்பெக்டர், தற்காப்புக்கு ஒரு அடின்னே இருக்கட்டும்மா என்றார், நானும் அப்படியே கையெழுத்துப் போட்டேன். புதன்கிழமை கவுன்சில் திட்டத்தை ஒரு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேற்றியது, தையல்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரியில் ரப்பரைப் பார்த்தேன், இடது கையால் பென்சில் பிடிக்கப் பழகுகிறார், நானா இருந்தா மூணாவதும் போட்டிருப்பேன் மேடம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் அடி வேறு, கை தூக்கினவன்மேல் விழுந்த இரண்டாவது அடி வேறு. திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போய் அதையும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போயிடும், வாய மூடிட்டு இரு என்று அப்பா இரண்டு நாளாகச் சண்டை, தட்டைக்கூடத் தள்ளிவிட்டார். போனால் போகட்டும், திட்டம் நிறைவேறிவிட்டது, தெருவை வேறு யாராவது போடுவார்கள்.

நீ பதறிக்கொண்டு டிக்கெட் எடுக்காதே, பரீட்சையை முடி, வேளைக்குச் சாப்பிடு, கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வை, அம்மாவுக்கு அது தெரியாமல் போயிற்று. நோய் நொடி இல்லாமல் நீடூழி நன்றாக இரு கண்ணு. ஒன்றே ஒன்று மறக்காதே, மாமா உன்னைக் கூப்பிட்டால் கோபத்தில் போனை வைத்துவிடாதே. கால் எப்படி இருக்கிறது என்று கேள். நான் கேட்க முடியாது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா