மேற்குப் பக்கக் கம்பியில் ஒரு விளக்கு

லீச் ஏரிக்கரை
ஜனவரி 6

அன்புள்ள மார்லிஸ்,

நான் நலம். நீயும் மகளும் துலூத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் உங்கள் குரலை நம்ப மாட்டேன், கையால் எழுதுங்கள், குடித்திருந்தால் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும் என்றாய். இதோ, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதுகிறேன். எழுத்தைச் சோதித்து முடித்ததும் விஷயத்தையும் கொஞ்சம் படி.

உறைந்த ஏரிமேல் வைத்திருந்த இருட்டுக் குடிசையை, மீன் குத்துகிற ஈட்டியோடு சேர்த்து விற்றுவிட்டேன். ஜன்னல் இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் நான் மீனுக்காக மட்டும் உட்காரவில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். இப்போது குடை மாதிரி விரிகிற துணிக்கூடாரம் வைத்திருக்கிறேன். பனியில் துளை போட்டுத் தூண்டில் போடுகிறேன். வால்ஐ மீன் பொழுது சாயும்போதுதான் கடிக்கிறது, அதனால் ஒரு விளக்கு வேண்டும். உன் கடையில் விதவிதமாக இருக்குமே, நீயே பார்த்து ஒன்று அனுப்பு.

ஏரி உருகும்வரை ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். இதுவரை தொடவில்லை.

உன்
ஓரின்


துலூத்
ஜனவரி 11

அன்புள்ள ஓரினுக்கு,

எழுத்து நேராகத்தான் இருக்கிறது. காலையில் எழுதியிருப்பீர்கள்.

காஸ் விளக்கு வேண்டாம். வெளிச்சத்தோடு சூடும் கிடைக்கும்தான். ஆனால் மூடின கூடாரத்துக்குள் அதன் விஷக்காற்று ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். காற்றுத் துவாரத்தை ஞாபகமாகத் திறந்து வைக்கிற ஆளா நீங்கள்? நெற்றியில் கட்டுகிற விளக்கு கைக்கு வசதி. ஆனால் நீங்கள் பார்க்கிற பக்கம் மட்டும்தான் வெளிச்சம் விழும், அது எனக்குப் பிடிக்கவில்லை. சார்ஜ் செய்கிற எல்இடி விளக்கு அனுப்பியிருக்கிறேன், கடையில் இருப்பதிலேயே வெளிச்சம் கூடினது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஏரிக்குப் போய்ச் சேரும்வரை கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மாட்டினால் உங்கள் தலை நிழல் துளைமேல் விழும். மேற்குப் பக்கக் கம்பியில், தோள் உயரத்தில் மாட்டுங்கள்.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அந்தி நேரத்தில் அங்கே தனியாகவா இருக்கிறீர்கள்?

மார்லிஸ்


லீச் ஏரிக்கரை
ஜனவரி 19

அன்புள்ள மார்லிஸ்,

விளக்கு வந்தது. நீ சொன்ன இடத்திலேயே மாட்டினேன். உள்ளே பட்டப்பகல்தான். பக்கத்துக் கூடாரத்துக் கிழவன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மீன் பிடிக்கிறியா, ஆபரேஷன் பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருட்டில் என் கை தானாகக் கோட்டுப் பைக்குள் பாட்டிலைத் தேடிப் போகும். வெளிச்சத்தில் என் கையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நல்ல விளக்குதான் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

தனியாகவா என்று கேட்டாய். சில நாள் ஒருவர் வருகிறார். பெயர் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெண் இல்லை, போதுமா?

இரண்டு வால்ஐ வறுத்தேன். உப்பு கூடிவிட்டது. நீ இருந்திருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சாப்பிட்டிருப்பாய்.

உன்
ஓரின்


துலூத்
ஜனவரி 30

ஓரினுக்கு,

என்னை முட்டாளாக்கப் பார்க்காதீர்கள். கரையிலிருந்து தங்கை ஆர்டிஸ் போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அக்கா, சினிமாப் படம் மாதிரி தெரியுதுக்கா. உள்ள ரெண்டு நிழலு. மாத்தி மாத்திக் கைய வாய்க்குத் தூக்குறாங்க. அப்புறம் ஒருத்தன் குனிஞ்சுகிட்டு, தோளு குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான். நான் மட்டும் பாக்கல, காபி குடிக்க வந்த சர்ச்சுக்காரங்களும் பாத்தாங்க."

பெயர் சொல்லக் கூடாத ஒரு நண்பர், கையில் குவளை, சிரிப்பு. இந்தக் கூத்தை எத்தனை வருஷம் பார்த்தவள் நான். உங்கள் எழுத்து நேராக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

யார் அந்த ஆள்? பெயரைச் சொன்னால் வருவதைப் பற்றி யோசிக்கிறேன். இல்லையென்றால் நான் வருவதாக இல்லை.

மார்லிஸ்


லீச் ஏரிக்கரை
பிப்ரவரி 8

மார்லிஸ்,

மேற்குப் பக்கம் மாட்டச் சொன்னது ஏன் என்று இப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கு மேற்கே இருந்தால் நிழல் கிழக்குத் துணியில் விழும். கிழக்கே ஆர்டிஸின் சமையலறை ஜன்னல். வெளிச்சம் போட்ட கூடாரத்துக்குள் இருப்பவனைக் கரையே பார்க்கும் என்பது இந்த ஏரியில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நீ சொன்னாய் என்பதால் யோசிக்காமல் மாட்டினேன்.

குவளையில் இருந்தது காபி. அந்தத் தோள்கள் சிரித்துக் குலுங்கவில்லை, மார்லிஸ். அவன் அழுதுகொண்டிருந்தான்.

பெயர் கேட்டாய். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, ஊருக்கே தெரிந்துவிட்டது. வெர்லின். உன் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டே ரகசியமாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பயந்துபோய், நிறுத்த வேண்டும் என்று நவம்பரில் என்னைத் தேடி வந்தான். "அக்காங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா செத்துருவேன் மாமா" என்றான். குடிக்கத் தோன்றும் அந்தி நேரங்களில் வந்து என்னோடு உட்காருவான். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவனும் தொடாமல்தான் இருந்தான்.

ஆர்டிஸின் ஜன்னலில் நின்ற சர்ச் அம்மாக்களில் ஒருத்தி, கூடாரத்தை விட்டு வெளியே வந்தவனின் நொண்டி நடையை வைத்து அவனைக் கண்டுகொண்டாள். ஓரினோடு சேர்ந்து குடிக்கிறான் என்று பேச்சு பரவியது. பள்ளிக்கூடத்தில் பஸ் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

நேற்று அவன் வண்டி பார் வாசலில் நின்றது. நான் உள்ளே போகவில்லை. போனால் திரும்பி வருவேனா என்று எனக்கே பயம். குளிரில் நின்று கூப்பிட்டேன். வெளியே வந்தான். "நீங்கதான மாமா என்னக் காட்டிக் குடுத்தீங்க?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டான்.

நான் இன்னும் தொடவில்லை. அதை நீ நம்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு விட்டுப்போயிற்று.

ஏரி உருகும்வரை காத்திருக்காதே. இந்த வாரமே கிளம்பி வா, வந்து வெர்லின் வீட்டில் தங்கு. காட்டிக்கொடுத்தது நானில்லை என்று அவனிடம் நீதான் சொல்ல வேண்டும்.

எனக்காக வர வேண்டாம்.

ஓரின்