மாட்டுக்கொட்டாய்க் களி

அக்டோபர் 5, 1959. திங்கள்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். வந்தது தப்பாப் போச்சு. மாட்டுக்கொட்டாயில், கடலைச்செடி பிடுங்க வந்த ஆட்களோடு என் பெண்டாட்டி யசோதா குந்திக்கினு கேவுருக் களி துன்னுக்கினு இருக்கிறாள். ஆறு மாத வயிறு. அந்த ஆட்களில் ஒருத்தியான ரத்தினம்மா தன் வட்டிலிலிருந்து பிட்டுப் பிட்டுக் கொடுக்க, இவள் கீரையில் தொட்டு முழுங்குகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

வாத்தியார் பெண்டாட்டிக்குச் சோறு போடாமல் கூலிக்களிக்கு விட்டுவிட்டான் என்று நாளைக்கே விஜயபுரம் முழுக்கப் பேசுவார்கள். கல்யாணத்தன்று இவள் நைனாவுக்கு வாக்குக் கொடுத்தேனே — தாயில்லாத பொண்ணு, பாலசமுத்திரத்து மேட்டில் களியிலேயே வளர்ந்த பொண்ணு, எங்க ஊட்ல மூணு வேளையும் நெல்லுச்சோறு துன்னும் என்று.

ரத்தினம்மாவை எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டேன். "இன்னொரு தரம் இவளுக்குக் களி குடுத்தீன்னா வேலைக்கு வர வேணாம்." அவள் கை கழுவிக்கொண்டே, "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு, ஆசையா கேக்குது வாத்தியாரே" என்றாள். எங்கள் ஜனம்தான் அவளும்; நிலமில்லை, அவ்வளவுதான். ஊரில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவள் கை. அந்த உரிமையில் பேசுகிறாள்.

அக்டோபர் 9

யசோதா இன்னும் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு அப்படியே கிடக்கிறது. பேசாட்டிப் போ.

நவம்பர் 2

கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது என்று அழுகிறாள். இடுப்பும் வலிக்கிறதாம். கிணற்றடிக்குப் போனால் வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். "தலைச்சன் புள்ளன்னா அப்படித்தான்டா கோவர்த்தனா. வெயில்ல போவ வேணாம், நெறம் கொறைஞ்சிடும். உள்ளயே படுத்துக்கட்டும்."

கொஞ்சம் பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். கூடாதாம். பிள்ளை பெருத்துவிட்டால் பெறுவது கஷ்டமாம். அம்மா நாலு பெற்றவள், நான் என்ன கண்டேன்? அந்தப் பாலில் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

நவம்பர் 20

யசோதா படுக்கிற பக்கம் சுவரில் ஒரு கையகலத்துக்குச் சுண்ணாம்பு வெள்ளையே இல்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தின்றிருக்கிறாள். "வாய் தேடுதுங்க, நான் இன்னா செய்யறது?" என்கிறாள். பதினாறு வயசு. என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலப்பம் தின்கிற மாதிரி. திட்டினேன். எனக்குத் திட்டத்தான் தெரிகிறது.

ஜனவரி 11, 1960

இரண்டு நாள் வலிக்குப் பிறகு விடிகாலையில் பெண் குழந்தை. யசோதாவுக்கு எழுந்து உட்காரவும் தெம்பில்லை. ரத்தினம்மா குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்து, "எலும்பு ரொம்ப மெத்துன்னு கீதே, அழுத்தினா பள்ளமாவுது" என்றாள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்று அம்மா அதட்டினாள். நான் அம்மா பக்கம்தான் நின்றேன்.

ஜனவரி 23

எழுத முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் ரத்தினம்மா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின் மேல் போட்டு எண்ணெய் தேய்த்தாள். இடது கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடக்கினாள். எல்லாப் பிள்ளைக்கும் செய்கிறதுதான். குழந்தை வீறிட்டது. கை அப்படியே தொங்கிப்போச்சு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன். மெதுவாத்தான் மடக்கினா. பூவத் தொடற மாதிரிதான் தொட்டா.

நகரி போய், பஸ் மாறி, திருப்பதி. வழியெல்லாம் யசோதா அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 24. திருப்பதி ஆஸ்பத்திரி.

லேடி டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கையெலும்பு ஒடிந்திருக்கிறது. மற்ற எலும்புகளும் புகை மாதிரித்தான் தெரிகின்றன.

"இந்தப் பொண்ணுக்கே இன்னும் எலும்பு வளர்ந்து முடியல. வயித்துல இருக்கிற புள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து இவ எலும்புலருந்துதான் போவணும். இவகிட்டயே இல்லன்னா எங்கருந்து போவும்? என்ன சாப்பிட்டா?"

நெல்லுச்சோறு என்றேன். சொல்லும்போது எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

"பாலு? வெயில்ல நடந்தாளா?"

இல்லை.

"கேழ்வரகுலதான்யா, நீங்க கேவுருன்னு சொல்றீங்களே, அதுலதான் அந்தச் சத்து அவ்வளவு இருக்கு. உங்க பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சமா?"

யசோதா என்னைப் பார்த்தாள்.

குளிப்பாட்டினவள் முரட்டுத்தனமாக மடக்கிவிட்டாளோ என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? வேறு யார் தலையிலாவது போட வழி இருக்கிறதா என்றுதான். டாக்டர் தலையாட்டினார். "அவ மேல தப்பே இல்ல. துணி மாத்தறப்பகூட ஒடிஞ்சிருக்கும்."

ஜனவரி 27

மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். ரத்தினம்மா நடுவில் நிற்கிறாள். அம்மா, "பச்சப்புள்ள கைய ஒடிச்ச பாவி" என்று கத்துகிறாள். இனி எந்தப் பிள்ளையையும் அவளைத் தொடவிடக் கூடாது என்று பேச்சு. அவள் என்னைப் பார்த்து, "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க வாத்தியாரே?" என்றாள்.

சொன்னால் அன்றைக்கு மாட்டுக்கொட்டாயில் நான் போட்ட சத்தத்தையும் சொல்லணும். "கட்டு போட்டிருக்காங்க" என்றேன். துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். யசோதாவுக்கு ஊசி, மீன் எண்ணெய், பால், காலை வெயில், களி. குழந்தைக்கும் சொட்டு மருந்து. டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நான்தான் காரணமா?" என்றவள் அப்புறம் என்னோடு பேசவில்லை. ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன்.

ரத்தினக்கா ஏன் வரவில்லை என்று யசோதா கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "நீங்க வாயத் தொறக்கவே இல்லியா?"

மார்ச் 6

ரத்தினம்மா வீட்டுக் கதவில் பூட்டு. யாரும் பிள்ளை குளிப்பாட்டக் கூப்பிடுவதில்லை, வேலைக்கும் கூப்பிடுவதில்லை. புருஷனோடு திருத்தணிக்கு அப்பால், தம்பி ஊருக்குப் போய்விட்டாளாம். போய்ப் பத்து நாளாகிறது.

ஏப்ரல் 1

எல்லையை மாற்றிவிட்டார்கள்; இன்றிலிருந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்யம், ரத்தினம்மா இருக்கிற ஊரும். நாங்கள் ஆந்திரா. பள்ளிக்கூடத்தில் பழைய தேசப்படத்தைக் கழற்றிவிட்டேன்.

மே 22

குழந்தையின் எலும்பு கூடிவிட்டது. கை மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. போகப் போக நேராகும் என்கிறார் டாக்டர். யசோதா இப்போது சாயாமல் நடக்கிறாள். "ரத்தினக்காவப் பாத்து சொல்லாம நான் உங்களோட இருக்க மாட்டேன்" என்று நேற்று சொன்னாள். பதினாறு வயசுப் பொண்ணு. இன்று மூன்று பேரும் போனோம்.

ரத்தினம்மா தம்பி வீட்டு வாசலில் முறத்தில் கேவுரு வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: டாக்டர் சொன்னது, நான் களியை நிறுத்தியது, வாசலில் வாய் திறக்காதது. அவள் முறத்தைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே வாத்தியாரே. நாலு மாசமா என் கையாலதான் ஒடிஞ்சதுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

யசோதா அழுதுகொண்டே குழந்தையை நீட்டினாள். ரத்தினம்மா முறத்தை வைத்துவிட்டு இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாள். "வேணாம்மா. நீயே வெச்சிக்கோ."

அப்புறம் உள்ளே போய் யசோதாவுக்கு ஒரு வட்டிலில் களி கொண்டுவந்தாள். எனக்கும் ஒன்று வைத்தாள். துன்னேன். பஸ் வருகிறவரைக்கும் குழந்தையை அவள் தொடவே இல்லை.