மச்சான் செய்த ரேடியோவுக்கு நான் வாங்கிய கெப்பாசிட்டர்

என் அன்புக்கும், மறைக்காமல் சொன்னால், என் பொறாமைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போனது தை மாதம் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு. கருமாதிப் பத்திரிகையில் இருபத்துமூன்று என்று அச்சாகிவிட்டது. பிழை என்று அன்றே சொன்னேன். "இப்ப அதா முக்கியம்?" என்று உங்கள் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் உங்கள் கையாலேயே செய்து கொடுத்த ரேடியோ. வைகாசி மூன்றாம் தேதி காலை அது ஒரே இரைச்சலாக இரைந்து, கருகல் வாடையோடு நின்றுபோனது. "எங்கண்ணே இருந்தா ஒரு நிமிசத்துல பாத்துருவாக" என்றாள் அவள். அந்த 'எங்கண்ணே'யில் இருக்கும் குழைவு, நாற்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளாவது என் பெயருக்குக் கிடைத்ததா மச்சான்?

"நானே சரி செய்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அடுத்த வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் கோரிப்பாளையத்துப் பாய்கிட்ட குடுத்துருவேன்" என்றாள்.

பேரனின் பள்ளிப் புத்தகத்தையும் ஒரு மீட்டரையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். கருகிப்போன ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, ஓரத்தில் தங்க நிறம் என்று நான்கு கோடுகள். அந்த நிறங்களின் கணக்குப்படி அதன் மின்தடை ஆயிரம் ஓம். சனிக்கிழமை, அதே பாயின் உதிரிபாகக் கடையில் ஐந்து வாங்கி வந்தேன். மீட்டரில் வைத்தால் ஒன்று தொள்ளாயிரத்து எண்பத்தைந்து, ஒன்று ஆயிரத்துப் பன்னிரண்டு. ஒன்றுகூட ஆயிரமாக இல்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டு இருந்தவன், ஓர் இலக்கம் பிசகினால் பத்திரத்தையே திருப்பி அனுப்பியவன், இதை ஏற்பேனா? திருப்பிக் கொண்டுபோனேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சார், தங்கக் கோடு எதுக்குப் போட்டுருக்கான்? நூத்துக்கு அஞ்சு முன்னப்பின்ன இருக்கும்னு சொல்லத்தான். தொள்ளாயிரத்து அம்பதுல இருந்து ஆயிரத்து அம்பது வரைக்கும் எல்லாமே ஆயிரந்தான்." பிறகு சும்மா இருந்திருக்கலாம். "ஒங்க மச்சான் கையில வாங்கிப் பாத்துட்டே சொல்லிருவாரு" என்றார். கடையிலும் நீங்கள்தானா?

அந்த எரிச்சலில்தான் தவறு செய்தேன். மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் கெப்பாசிட்டர் உப்பிப்போனதுதான் இரைச்சலுக்குக் காரணம்; அதையும் கழற்றிக் கொண்டுபோயிருந்தேன். ஆயிரம் மைக்ரோஃபேரட், இருபத்தைந்து வோல்ட் என்று அதில் எழுதியிருந்தது. அதே ஆயிரத்தில், சிறியதாக, பலகையில் கச்சிதமாக உட்காரும்படி ஒன்று கண்ணில் பட்டது. பதினாறு வோல்ட். பாயிடம் கேட்கவில்லை. உங்கள் பெயரை இன்னொரு தடவை கேட்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை ரெசிஸ்டரையும் இதையும் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டேன். நான்காம் நிமிடம் 'பட்'டென்று வெடித்தது. கூடமெல்லாம் புகை. உங்கள் தங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கண்ணே இத்தன வருசத்துல இம்புட்டு பொகையக் கெளப்புனதில்ல" என்றாள். ஐந்து விழுக்காடு விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் பிடிவாதம் பிடித்தேன். ஒரு வோல்ட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடத்தில் அலட்சியமாக இருந்தேன். நீங்கள் பார்த்திருந்தால், "விடுங்க மாப்ள, எனக்கும் வெடிச்சிருக்கு" என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பெருந்தன்மையும் எனக்குப் பிடிக்காது.

புதன்கிழமை மறுபடி போனேன். இம்முறை வாய் திறந்து கேட்டேன். "உள்ள வர்றது இருபது வோல்ட்டு சார். கெப்பாசிட்டரு தாங்குறது அதுக்கு மேல இருக்கணும். கூட இருந்தாப் பாதகமில்ல, கொறையவே கூடாது" என்று முப்பத்தைந்து வோல்ட் ஒன்றைக் கொடுத்தார். கொஞ்சம் பருமன். அதன் கம்பிக் கால்களை வளைத்து, கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று மூன்று முறை சரிபார்த்துப் பொருத்தினேன்.

வைகாசி பத்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு ரேடியோ பாடியது. இரைச்சல் இல்லை. காபித் தம்ளரோடு வந்தவள் நின்று கேட்டாள். நான் காத்திருந்தேன். பெட்டியைத் தடவிக்கொண்டே, "எங்கண்ணே செஞ்சதாச்சே. நீங்க அம்புட்டு பாடு படுத்தியும் கெடாம இருக்கு பாருங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. அதன் பிறகு என் கணக்கை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் மச்சான், உள்ளே நீங்கள் போட்ட பழைய கெப்பாசிட்டர்கள் இன்னும் ஏழு இருக்கின்றன. அவையும் வயதாகி, உள்ளிருக்கும் ஈரம் வற்றி, ஒவ்வொன்றாகக் கெடும். ஒவ்வொன்றையும், வோல்ட் பார்த்து, பாயிடம் கேட்டு, நானே மாற்றுவேன். இது உறுதி. மரப்பெட்டி மட்டும் உங்களுடையதாக, உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையதாக ஆகும் ஒரு நாள் வரும். அன்று தேதியும் நேரமும் போட்டு அவளிடம் சொல்வேன். அதுவரை காலைதோறும் அவள் உங்கள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்,
உங்கள் மாப்ள,
ஆனையூர், மதுரை.