ஈர வேட்டியோடு மூன்று தெரு

இன்று காலை பெட்டியின் பக்கவாட்டு உறையில் சோப்பு டப்பாவைத் துழாவியபோது கயிறு கையில் தட்டுப்பட்டது. வெளியே இழுத்ததும் அந்த வாசனை வந்தது. பட்டு நூலும் பழைய சோப்பும் கலந்து, சரியாகக் காயாமல் மடித்துவைத்த துணியின் வாசனை. நீங்கள் திரித்துக் கொடுத்த கயிறு. எட்டு வருடமாக நான் அந்த உறையின் அடிவரை கைவிடவில்லை போலிருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நம் ஊரில்தான் இருக்கிறேன். லாட்ஜில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். பேத்திக்குப் பள்ளி விடுமுறை என்று மகளும் மருமகனும் காஞ்சிபுரத்துக் கோயில்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். கோயம்புத்தூரில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் கூடவே அழைத்துவந்துவிட்டார்கள். எட்டு வருடம் முன்பு மகளோடு போகும்வரை முப்பது வருடம் குடியிருந்த ஊரில், வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, "காஞ்சிபுரம் மொத தடவையா சார்?" என்று கேட்ட பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் சிரித்துவைத்தேன். என் அறை ஜன்னலில் ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிகிறது. அங்கிருந்து மூன்று தெரு தள்ளி உங்கள் வீடு.

ஒரு நாள் கட்டிய துணியை மறுநாள் காலையிலேயே துவைத்துவிடும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. நேற்றைய வேட்டி, பனியன், துண்டு, மூன்றையும் குளியலறை வாளியில் அலசினேன். வேட்டியை லாட்ஜில் கொடுத்த காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டித் தரையில் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி மிதித்தேன். அதுவும் நீங்கள் காட்டிய வழிதான். உங்கள் எடைக்கு ஒரே மிதியில் தண்ணீரெல்லாம் துண்டுக்குப் போய்விடும். நான் பத்து முறை மிதிக்க வேண்டியிருந்தது. பிறகு ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கைப்பிடிக்கும் குறுக்கே கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

தறியின் கடைசியில் நெய்ய முடியாமல் மிஞ்சும் நூல்களைச் சேர்த்து, இரண்டு புரியாக நீங்கள் முறுக்கிய கயிறு இது. "கிளிப்பு எதுக்கு சார்? இந்த முறுக்கத் தொற, துணி முனைய உள்ள சொருகு, வுட்டுடு. அதுவே புடிச்சிக்கும்" என்று சொல்லிக் கொடுத்தீர்கள். கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் என்னை நீங்கள் 'சார்' என்றீர்கள். கூடவே 'நீ வா, நீ போ' என்றும் சொன்னீர்கள். எனக்குத்தான் கடைசிவரை 'நீங்க'வை விட்டு இறங்க வரவில்லை. எதிரெதிர் வீட்டில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தும்.

ஆண்டுக்கு ஒருமுறை வெயில் காலத்தில் நாம் ஊர் சுற்றப் போனதை நினைத்துக்கொண்டேன். முதல் வருடம் குடும்பத்தோடு போனோம். திரும்பி வந்ததும் உங்கள் வீட்டம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "ஊருக்குப் போயும் பக்கெட்டு, சோப்புதானா? நீங்க ரெண்டு பேருமே போயி தொவைச்சிக்கினு வாங்கப்பா." அதன்பின் நாம் இருவர் மட்டும். எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்பது பாதி மறந்துவிட்டது. எந்த அறையில் கயிற்றை எங்கே கட்டினோம் என்பது மட்டும் வரிசையாக நினைவிருக்கிறது.

இன்று காலை மகள் கதவைத் தட்டினாள். சின்ன காஞ்சிபுரத்துக்கு, வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கிளம்புகிறார்கள்.

"நீங்க வரலையாப்பா?"

"வேட்டி காயலம்மா."

"பெட்டியில இன்னொண்ணு இருக்கே?"

"அது நாளைக்கு ஊர் திரும்பும்போது கட்டறது."

எந்த நாளைக்கு எந்தத் துணி, எந்த வேளைக்கு என்ன வேலை என்று நான் எழுதிவைக்கும் பட்டியல்களைப் பற்றி அவளுக்குத் தெரியும். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது காரணமுமில்லை. அவர்கள் வெளியே போன நேரத்தில் தனியாக உங்கள் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்று கோயம்புத்தூரிலேயே முடிவு செய்திருந்தேன். போன ஐப்பசியில் உங்கள் வீட்டம்மா தொலைபேசியில் சொன்ன செய்தியைக் கேட்டுவிட்டு, "வரேம்மா" என்றவன் நான். போகவில்லை. மழை, முழங்கால், பயணச்சீட்டு கிடைக்காதது என்று எனக்கு நானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேன். உங்கள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பிறகு தொலைபேசியில் பேசக் கூச்சமாகிவிட்டது. இப்போது மூன்று தெரு தூரத்தில் லுங்கியோடு உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் ஆடுகிற வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கயிற்றைப் பார்த்தால் ஊட்டி ஞாபகம் வராமல் இருக்குமா? மூன்று நாள் விடாத மழை. அறையில் எதுவும் காயவில்லை. நான்காம் நாள் காலையில் லாட்ஜ் நடைவழியின் ஒரு கோடியில் வெயில் விழுந்தது. "வெயில் ஏறத்துக்குள்ள இழுத்துக் கட்டிடலாம் சார், பாவு மாதிரி" என்றீர்கள். நம் தெருவில் விடிந்ததும் தறிக்கான பாவு நூலை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். பால் வாங்கப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், நான், எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே குனிந்து அந்தப் பக்கம் போவோம். நான் நெசவாளி இல்லையென்றாலும் என் முதுகுக்கும் அது பழகிப்போயிருந்தது. அதனால் நடைவழியின் குறுக்கே கயிறு கட்டலாம் என்றதும் எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை. இன்னும் சொல்லப்போனால், நெஞ்சு உயரம் சரியாக இருக்கும் என்று சாணால் அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டவன் நான்தான். நீங்கள் குளிக்கப் போய்விட்டீர்கள்.

பக்கத்து அறைக்காரர் கையில் டீயுடன் வந்தார். குனியவில்லை. நேராக உங்கள் ஈர வேட்டிக்குள் நடந்தார். டீ சுவரிலும் தரையிலும் கொட்டியது. குரங்குக் குல்லாய் போட்ட மேலாளர் ஓடிவந்தார். சோப்பு டப்பாவும் கையுமாக நான் வாசலில் நின்றேன்.

"யாருங்க இதைக் கட்டுனது?"

"எனக்குத் தெரியாதுங்க."

அப்போதுதான் நீங்கள் துண்டோடு வெளியே வந்தீர்கள். என் பதில் உங்கள் காதில் விழுந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள்.

"நான்தான் சார் கட்டினேன். எங்க ஊர்ல ஜனங்க குனிஞ்சிக்கினு பூடுவாங்க. இங்க நிமிந்துக்கினே வராங்க."

"இது தெருவா? உங்ககூட இவரும்தானே இருக்காரு, படிச்ச மனுசன், இப்படிப் பண்ணுவாரா?"

நீங்கள் தரையைத் துடைத்தீர்கள். நான் சோப்பு டப்பாவைப் பெட்டியில் வைத்தேன், அதன் இடத்தில், சரியாக.

மலையிறங்கும் பேருந்தில் நீங்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தீர்கள். ஈர வேட்டியைப் பையிலிருந்து எடுத்து, "அந்த முனையப் புடி சார்" என்றீர்கள். ஜன்னலுக்கு வெளியே வேட்டி கொடிபோலப் பறந்தது. நடத்துனர் கத்தினார்: "ஏய், கண்ணாடியில பின்னாடி தெரியலைன்னு டிரைவர் சொல்றாரு! யாரோடது அது?" நான் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள், "எங்களுதுபா" என்றீர்கள்.

எங்களுது. அன்றைக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. பிறகும் எத்தனையோ வருடம் சொல்லவில்லை.

இதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அறையைப் பெருக்கும் அம்மாள் வாளியோடு உள்ளே வந்தார். கயிற்றை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து அந்தப் பக்கம் போனார். பெருக்கிக்கொண்டே குனிந்து இந்தப் பக்கம் வந்தார்.

"நீங்க இந்த ஊராம்மா?"

"ஆமா சார், ஏன்?" பிறகுதான் கயிற்றைப் பார்த்தார். விரலால் தடவினார். "பட்டு நூலாச்சே! ரூம்ல துணி காயப் போடக்கூடாதுன்னு போர்டு இருக்குது, பாக்கலியா? யாரு கட்டினது?"

அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். இருந்தும் கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"சரி சரி, மேனேஜர் வரத்துக்குள்ள எடுத்துடு" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேட்டியைக் கயிற்றிலிருந்து உருவினேன். இடுப்பில் வரும் பகுதி இன்னும் ஈரம். கட்டிக்கொண்டேன். குளிர்ந்தது. கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். முதல் தெரு முனையில் திரும்பிவிடலாமா என்று நின்றேன். இரண்டாம் தெருவிலும் நின்றேன்.

உங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தாம்மா."

"எந்த நானு?" கதவைத் திறந்தவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "இன்னாண்ணா இது, ஈர வேட்டியோட வந்து நிக்கற? ஊர்ல மழையா பேயுது? உள்ள வா மொதல்ல."

உள்ளே உங்கள் மகன் தறியில் இருந்தான். எழுந்து வணங்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். சுவரில் உங்கள் படம். அதில் நீங்கள் யாரிடமோ ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தார். டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்.

"ஏண்ணா வரல?"

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்த காரணங்கள் மூன்றும் நாக்குவரை வந்தன.

"பயமா இருந்துச்சும்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் அப்டித்தாண்ணா இருந்துச்சு" என்றார்.

பிறகு கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஊட்டிக் கயிறு! வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்வாரு. 'சாரு அப்பவே வேணாம்னு சொன்னாரு, நான்தான் கேக்காம கட்டிட்டேன்'னு."

ஆக, வீட்டிலும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவ்வளவு வருடமும்.

"இல்லம்மா. அளந்து கட்டினது நான். கேட்டப்போ தெரியாதுன்னு சொன்னதும் நான்."

தறிச் சத்தம் நின்றது. உங்கள் மகன் திரும்பிப் பார்த்தான். உங்கள் வீட்டம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "அதான பாத்தேன்! அவரு எந்தக் காலத்துல அளந்து கட்டினாரு?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கயிற்றை என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். "இதுக்கு இங்க இன்னா வேல? உன்னோடவே இருக்கட்டும்."

கிளம்பும்போது விடவில்லை. ஈரத்தோடு நடந்தால் காய்ச்சல் வரும் என்றார். உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துவந்து கொடுத்தார். என்னுடையதைக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டார். "நாளைக்குக் கார்த்தால வந்து எடுத்துக்கினு போ. டிபன் இங்கதான்."

மகளும் மற்றவர்களும் கோயிலிலிருந்து இன்னும் திரும்பவில்லை. பட்டியலில் நாளைக் காலைக்கு நேரே 'உங்கள் வீடு' என்று எழுதிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். ஜன்னல் பக்கத்து மேசையில், உங்கள் வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான்கு விரல் நீளம் அதிகம். அளந்து பார்த்தேன்.